தையில் போட்ட படிகள்

1986 பெப்ரவரியில் லண்டனில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்துக் குளிர் மறந்திருக்காது. மாதம் முழுவதும் நிலம் இளகவேயில்லை. பிளேஸ்டோவில் அக்காவும் அத்தானும் வாங்கியிருந்த வீட்டின் வாசற்படிகள் அந்த மாதத்தில்தான் உடையத் தொடங்கின. நான் அப்போது அவர்களோடு, மாடியில் முன்பக்கத்துச் சின்ன அறையில் இருந்தேன். எந்த மாதம் என்ன நடந்தது என்பதில் நான் கவனமாக இருப்பவள். இந்த விஷயத்தில் அந்தக் கவனம் தேவை. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இதைத் தப்புத்தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படிகள் மூன்று. பழைய சீமெந்துப் படிகள். எங்களுக்கு முன்னிருந்தவர்கள் எத்தனை காலம் ஏறி இறங்கினார்களோ, நடுப்படியின் நடுவில் தேய்ந்து ஒரு குழி விழுந்திருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து கண்ணாடிபோல ஆகும். பெப்ரவரி போனபோது குழியின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் வணக்கத்துக்கு முதல் நாங்கள் சொல்கிற வார்த்தை, "இடப்பக்கமா காலை வையுங்கோ" என்பதாகிவிட்டது.

அந்தப் படியில் ஒவ்வொரு நாளும் முதலில் கால் வைப்பவள் அக்கா. நகரத்துக்குள் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்கிற வேலை அவளுக்கு. விடிவதற்கு நெடுநேரம் முன்பே கதவைச் சாத்திவிட்டு முதல் ரயிலுக்குப் போவாள். அத்தான் பெற்றோல் நிலையத்தில் பிற்பகல் ஷிப்ட். அவர் படியில் இறங்கும்போது உறைந்ததெல்லாம் உருகியிருக்கும். நான் கவுன்சில் அலுவலகத்தில் எழுதுவினைஞர், என் நேரமும் நன்றாக விடிந்த பிறகுதான். ஆகவே அந்தக் குழி எங்கள் இருவருக்கும் ஓர் அலங்கோலம். அக்காவுக்கு அது ஆபத்து.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் அவர் நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்தவர். வன்னியில் அவர் நின்று கட்டுவித்த மதகுகள் பல. சீமெந்து என்றால் அவருக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த நாட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகரெட்டும் பெற்றோல் காசும் வாங்கிப்போடுகிற வேலை அவரை எவ்வளவு தின்றிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு சீமெந்து வேலை வந்தால் அதை வேறொருவன் கையில் கொடுக்க அவருக்கு மனம் வராது. இதையெல்லாம் நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டுதான் இருந்தேன். விளங்கியதால் என் கோபம் குறையவில்லை.

சித்திரையில் அவர் தானே ஒரு பூச்சுப் பூசினார். வைகாசி முடிய முன்னே அது தோசைபோலக் கழன்று வந்தது. முழுப்படியையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று அக்கா சொன்னாள். அத்தான் ஒத்துக்கொண்டார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தார்.

ஆனியில் வாசலில் கை வைக்கக் கூடாது. ஆடியில் கேட்கவே வேண்டாம். லண்டனில் வெயில் என்று ஒன்று இருந்தால் அது ஆனியிலும் ஆடியிலும்தான். அந்த இரண்டு மாதமும் மண் காய்ந்து, வானம் வெளித்து, இரவு பத்து மணிவரை வெளிச்சமாகக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் ஆள் பிடித்துத் தன் முன்மதிலையே பிரித்துக் கட்டுவித்தார். நாங்கள் குழியைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். ஆவணி நல்ல மாதம். அதற்குள் ஊரில் அத்தானின் சித்தப்பா ஒருவர் காலமானார் என்று செய்தி வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கு, நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி போயிற்று. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் மழை விடவில்லை.

நான் கொஞ்சம் புத்தகம் படிக்கிறவள். பஞ்சாங்கத்தை எழுதியவர்கள் தங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தைப் பார்த்து எழுதினார்கள் என்பது என் எண்ணம். ஆடிக் காற்றில் கூரை மேயாதே, வயல் வேலை கிடக்கும்போது வீட்டு வேலையை இழுக்காதே என்று அவர்கள் சொன்னதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். தேம்ஸ் நதிக்கரையில் எப்போது படி கட்டலாம் என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. இதை நான் அத்தானிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"பிள்ளை, நீர் எல்லாத்தையும் வாசிச்சிட்டு வாறீர். நான் எல்லாத்தையும் கட்டிட்டு வந்தனான்."

கார்த்திகையில், டிசம்பர் தொடக்கத்தில், அக்கா விழுந்தாள்.

முந்திய நாள் மழை. இரவு வானம் வெளித்துக் கடுங்குளிர். அவள் கதவைச் சாத்திய சத்தம் அரைத்தூக்கத்தில் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது காலடிச் சத்தமில்லை. நான் இறங்கி ஓடியபோது அவள் கடைசிப் படிக்குக் கீழே ஒரு காலை மடித்தபடி இருந்தாள். அழவில்லை. "ரயில் போயிடும்" என்றாள். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உலோகத் தகடு வைத்து ஆணி அடித்தார்கள். அந்தக் கால் இன்னொரு முறை உடைந்தால் பிறகு நேராக நடப்பது கஷ்டம் என்று வைத்தியர் சொன்னதை மொழிபெயர்த்தவள் நான். ஆகவே எனக்கு அந்த வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. வேலையில் மேற்பார்வை பார்க்கிற பெண் நல்லவள், சுகமானதும் வந்து கேள் என்றாள். சுகமாகிப் போக வேண்டுமானால் இருட்டில், தனியே, அந்த மூன்று படிகளை இறங்க வேண்டும். அக்கா கேட்டதெல்லாம் அந்தப் படிகளைத்தான்.

அத்தான் உண்மையிலேயே கலங்கிப்போனார். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்து அழுதார். மார்கழி கழியட்டும் என்றும் சொன்னார். "தை பிறந்தா வழி பிறக்கும். தையில முதல் வேலை அதுதான்."

1987 தை எப்படிப் பிறந்தது என்று லண்டனில் எவரையும் கேட்கலாம். பொங்கலுக்கு முந்திய நாட்களில் கொட்டிய பனியில் பஸ்கள் நின்றன, ரயில்கள் நின்றன, கதவைத் திறந்தால் முழங்காலளவு வெள்ளை. வாசலில் பொங்க வேண்டும் என்றிருந்த அத்தான் குசினியில் பொங்கினார். பனி கரைந்ததும் நாள் குறித்தார், மாதக் கடைசி ஞாயிறு. பகலில் இளகினாலும் இரவில் தரை இன்னும் இறுகிக்கொண்டுதான் இருந்தது. நான் நூலகத்திலிருந்து வீடு திருத்துவது பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து, உறைகிற குளிரில் கொங்கிறீற் போடாதே, போட்டே ஆக வேண்டுமென்றால் ஈரம் படாமல் கதகதப்பாக மூடிவை என்று இருந்த பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் அதை மரியாதையாக வாசித்தார். மூடிவைப்பதைப் பற்றித் தனக்குத் தெரியும் என்றார்.

சனிக்கிழமை பழைய படிகளை உடைத்தார்கள். அத்தானும், டூட்டிங்கிலிருந்து வந்த அவருடைய நண்பரும். ஞாயிறு காலை தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பலகை அடித்து, சல்லியும் மணலும் சீமெந்தும் கலந்து ஊற்றினார்கள். அத்தான் அன்றைக்கு வேறு மனிதர். முழங்காலில் நின்று மட்டம் பார்த்தார். பலகை ஓரத்தைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றினார். அக்கா முன்னறையில் காலைக் கதிரையில் நீட்டியபடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். படிகள் அழகாக வந்தன. இதை மறைக்க மாட்டேன், நேரான விளிம்பும் இலேசான சரிவுமாக, அந்தத் தெருவிலேயே அழகான படிகள் அன்று மாலை எங்களுடையவைதான்.

பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேயப் பெண் இருந்தாள். தபால் கொடுக்கும் வேலை. இருட்டுகிற நேரம் அவள் ஒரு பழைய கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து வேலிக்கு மேலால் நீட்டினாள். இன்றைக்கு இரவு மூடிவைத்தால் நல்லது என்றாள். அத்தான் மனம் குளிர்ந்து வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து எங்களைப் பார்த்து, "பாத்தியளே, மூடிவைக்க வேணுமெண்டு இவைக்கும் தெரியுது" என்றார். பிறகு பின்பக்கத்துக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, புதுப்படியின் மேல் அரிசிச் சாக்குகளை விரித்து, அவற்றின் மேல் கம்பளத்தை விரித்து, எல்லாம் ஊறும்வரை தண்ணீர் ஊற்றினார்.

ஊரில் அப்படித்தான். போட்ட கொங்கிறீற்றை வெயில் குடித்துவிடாமல் நனைந்த சாக்கால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாதவன் மேசன் இல்லை. வன்னி வெயிலில் அவர் நூறு வேலையாட்களை ஏசி ஏசிச் செய்வித்தது அதைத்தான். பூச்சியத்துக்குக் கீழே இறங்கப்போகிற லண்டன் இரவில் அவர் அதையே செய்தார். பலகணியால் பார்த்த நான் இறங்கி ஓடிப்போய், தண்ணீர் உறைந்துவிடும் என்றேன்.

"சீமெந்துக்குத் தண்ணிதான் பால். பேசாமல் போய்ப் படும்."

மறுநாள் காலை சாக்குகள் கருவாடுபோல விறைத்துக் கிடந்தன. கம்பளத்தைத் தட்டினால் பலகைச் சத்தம் கேட்டது. அத்தான் சுத்தியல் பிடியால் அதைத் தட்டி இளக்கி, மறுபடியும் ஒரு வாளி ஊற்றினார். பிற்பகல் ஷிப்டுக்குப் போக முன் இன்னொரு வாளி. இப்படி ஒரு வாரம். தபால்காரப் பெண் தன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். நான் பேப்பர் படிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சாக்கை இழுத்தபோது படியின் தோல் சாக்கோடு கொஞ்சம் வந்தது. அத்தான் அதை மேற்பூச்சு என்றார். மாசி முடிவில் விளிம்புகள் மாவாக உதிர்ந்தன. பங்குனியில் மேற்பரப்பு அப்பளம் அப்பளமாகக் கழன்றது. செருப்பின் நுனியால் கீறினால் சல்லி வெளியே வந்தது. பழைய படியில் ஒரு குழி இருந்தது, புதுப்படியில் எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. ஊன்றுகோலோடு அக்கா ஒருநாள் வாசல்வரை வந்து கீழே பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தாள்.

இனித்தான் நான் இதை எழுதுவதற்கான காரணம். சித்திரை வருடப்பிறப்புக்கு டூட்டிங் நண்பர் மனைவியோடு வந்தார். தான் கலந்த கொங்கிறீற் அல்லவா, அவருக்கும் கவலை. கலவை சரி, மட்டம் சரி, தண்ணீர் ஊற்றியதும் சரி, அப்படியென்றால் எங்கே பிழைத்தது என்று இருவரும் தேநீரோடு நெடுநேரம் ஆராய்ந்தார்கள். கடைசியில் நண்பர் சொன்னார்:

"இறுக முதல் ஆரோ ஏறியிருக்கினம் அண்ணை. வேற விளக்கம் இல்லை."

அத்தான் மூலையில் சாத்தியிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வீட்டுக்குள்ள ஒருத்தி தடியும் கையுமா நிண்டா என்ன செய்யிறது" என்றார். நண்பரின் மனைவி, அக்காவுக்கு நேரம் சரியில்லை, ஏழரைச் சனி முடிய எல்லாம் சரிவரும் என்று ஆறுதல் சொன்னாள். அக்கா பலகாரத் தட்டோடு நின்றாள். தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அந்தப் படி இறுகுகிற காலத்தில் அக்கா வீட்டை விட்டு வெளியே போனது ஒரேயொரு தடவை, ஆஸ்பத்திரிக்கு. அன்றைக்கு அம்புலன்ஸ்காரர் இருவர் அவளைக் கதிரையில் இருத்தி, படிகளுக்கு மேலால் போட்டிருந்த பலகை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்படியே கொண்டுவந்தார்கள். அவளுடைய கால் அந்தப் படியைத் தொடவேயில்லை. பலகையை வைத்தவர் அத்தான். எனக்குத் தெரிந்தது, அக்காவுக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. தெரிந்த ஒருவர் தன் மனைவியின் உடைந்த காலின் மேலேயே அந்தப் பழியைத் தூக்கி வைத்தார். ஒரு விருந்தாளியின் முன்னால் தன் ஓவசியர் பட்டம் குறைந்துபோகாமலிருக்க அது தேவைப்பட்டது. நான் அன்றைக்கு வாய் திறந்தேன். பலகையைப் பற்றிச் சொன்னேன். நண்பர் தொண்டையைச் செருமினார். பிள்ளை களைத்துப்போனாள் என்று அத்தான் சொன்னார். பேச்சு ஊர்ப்பிரச்சினைக்கு மாறியது.

சித்திரையும் வைகாசியும் நல்ல மாதங்கள். அந்த இரண்டு மாதமும் அத்தான், புதுப்படியை எவரும் உடைப்பார்களா, வெளுத்து உதிர்வது நின்றுவிடும் என்று கடத்தினார். ஆனி வந்ததும் இறங்கிவந்து, சரி, ஆவணியில் பார்ப்போம் என்றார். அதற்குள் அக்கா ஊன்றுகோலை விட்டிருந்தாள். நான் ஒரு கையைப் பிடிக்க, பகலில், பக்கவாட்டாக இறங்குவாள். வேலையிடத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது. இலையுதிர் காலம் தொடங்க முன் வரவில்லையென்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஆடி பிறந்த இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடிந்து அத்தான் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, திங்கக்கிழமை ஆள் வருது. படி உடைக்க."

"ஆரைக் கேட்டு?"

"எதிர்வீட்டு மதில் கட்டின ஆளைத்தான். அவர் வாறன் எண்டிட்டார்."

அத்தான் பத்திரிகையை மடித்தார். "ஆடியிலயோ? உமக்கென்ன விசரே? ஆடியில வாசலை உடைச்சு வீட்டுக்கு ஏதும் வந்துதெண்டால்?"

அக்கா தட்டுகளை மேசையில் வைத்தாள். காலைத் தூக்கி, அவருக்கு முன்னாலிருந்த கதிரையில் வைத்தாள். தகடு வைத்த வடு கணுக்காலின் இருபுறமும் தெரிந்தது. என் வாழ்நாளில் அவள் அவர் முன்னால் அப்படிக் கால் நீட்டியதை நான் கண்டதில்லை.

"இது வந்தது கார்த்திகையில. நல்ல மாசத்தில. உங்கட தையிலயும் எனக்கு வழி பிறக்கேல்லை. இந்த நாட்டில ஆடியிலதான் வெயில் எறிக்குது, ஆடியிலதான் போடுறன். என்ர உழைப்பில போடுறன். வீட்டுக்கு ஏதும் வந்தா என்ர சனி எண்டு சொல்லுங்கோ. ஏற்கெனவே சொல்லித்தானே வைச்சிருக்கிறியள்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையைக் கழுவப் போனேன். நான் ஏதாவது சொல்லியிருந்தால் பிள்ளைதான் தூண்டிவிட்டாள் என்று ஆகியிருக்கும். அது அக்காவின் வாக்கியமாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

திங்கட்கிழமை ஆள் வந்தார், உடைத்தார், புதன்கிழமை ஊற்றினார். வெயில் நன்றாக எறித்தது. அத்தான் அந்த மூன்று நாளும் பின்கதவால் இறங்கி, பின்வேலி ஏறித்தான் தெருவுக்குப் போய் வந்தார். நான்காம் நாள், அக்காவே எழுந்து சாக்கை நனைத்துப் புதுப்படியின் மேல் விரித்தாள். அது தேவையா என்று கேட்டேன். "வெயிலுக்கு அவர் சொல்லுறது சரிதானே" என்றாள். அத்தான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார் என்பதை அவள் அறிந்திருந்தாளா என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் அவள் வேலைக்குத் திரும்பினாள். அக்டோபர் நடுவில் வீசிய பெரும்புயலில் எங்கள் தெரு மரங்கள் இரண்டு விழுந்தன. அன்றைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ரயில் இல்லையென்று திரும்பிவந்தாள். வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

கார்த்திகையில் வட லண்டன் எட்மண்டனிலிருந்து அத்தானுடைய இலாகாவில் முன்பு வேலை பார்த்த ஒருவர் வந்தார். அவரும் வீடு வாங்கியிருந்தார், அவருக்கும் படி உடைந்திருந்தது. அத்தான் அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊர் முறை இஞ்சை சரிவராது மச்சான். இந்த நாட்டில கொங்கிறீற் போடுறதெண்டா ஆடியிலதான் போட வேணும். பஞ்சாங்கம் பாத்துக்கொண்டு நிண்டா வேலைக்காகாது. பார், இது நான் போடுவிச்சது."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஒன்றரை வருடம் அக்கா மன்றாடிய ஒரு விஷயம், அவளுடைய கால் போய், அவளுடைய சம்பளம் போய், அவளுடைய பெயரில் பழியும் வந்தபிறகு, அவருடைய அனுபவமாக ஒரு நிமிடத்தில் கைமாறிவிட்டது. நான் வெளியே போக முன்னே அக்கா தேநீரோடு போய்விட்டாள்.

"இவர் போட்டதைப் பாக்க வேணுமெண்டா பின்வளவுக்கு வாங்கோ அண்ணை. வேலியோரமாக் குவிச்சுக் கிடக்குது" என்றாள்.

விருந்தாளி சிரித்துவிட்டார். ஒரு கணம் கழித்து அத்தானும் சிரித்தார். காது சிவந்துபோய், தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், அதுவும் நான் போட்டதுதான்" என்றார்.

அன்று மாலை அக்காவிடம் கேட்டேன், இவ்வளவுதானா, இந்தச் சிரிப்போடு விடப்போகிறாயா என்று. அவள் அடுத்த நாளுக்கான சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். "அதுக்கு மேல அவருக்கு வராதடி. வந்தது காணும்" என்றாள்.

அவளுக்கு அது போதும். நான் அந்த வீட்டில் 1992 வரை இருந்தேன். விடியும் முன் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், பிறகு மூன்று படிகளிலும் அவளுடைய காலடி. இடது கால் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் விழும். கல்யாண வீடுகளில் இன்றும் எவராவது அக்காவின் நடையைப் பார்த்து, அது அவவுக்கு ஏழரைச் சனி நடந்த காலம் என்று சொல்வார்கள். அத்தான் பக்கத்திலிருந்து தலையாட்டுவார். அப்போதெல்லாம் நான் மாதத்தையும் வருடத்தையும் சொல்லி, அது சனியில்லை, உடைந்த படி என்று திருத்துகிறேன். பொல்லாதவள் என்று பெயர் எடுத்துவிட்டேன். பரவாயில்லை.